பார்க்கில் ஸ்டார்ட் ஆகவில்லை, நியூட்ரலில் ஆகிறது: இன்ஹிபிட்டர் சுவிட்சைச் சோதிப்பதும் சரிசெய்வதும்

ஆட்டோமேட்டிக் கார் பார்க்கில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஆனால் ஸ்டார்ட்டர் முனகக்கூட இல்லை. லிவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இதைக் கேட்டவுடனே "இன்ஹிபிட்டர் சுவிட்ச் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடும் கடைகள் நிறைய. பார்க், நியூட்ரல் தவிர மற்ற இடங்களில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச் அது. சில நேரம் அது சரிதான். ஆனால் சுவிட்ச் நன்றாகவே இருக்க, அதைத் திருப்பும் செலக்டர் கேபிள் (லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போவது) தளர்ந்துபோயிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். கனெக்டர் பின்னில் களிம்பு ஏறியிருந்தாலும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். போல்ட்டைத் தளர்த்திய பிறகு பழைய நிலை எது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் இது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில், லிவர் வந்து சேரும் தண்டின் மேல் சுவிட்ச் மாட்டியிருக்கும் ஜப்பானிய, கொரிய ஆட்டோமேட்டிக்குகளுக்கு இது பொருந்தும். மிட்சுபிஷி, சுபாரு, ஹூண்டாய் போன்றவர்கள் இதை இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்கிறார்கள். டொயோட்டாவில் பார்க்/நியூட்ரல் பொசிஷன் சுவிட்ச். அமெரிக்க வண்டிக்காரர்களுக்கு நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச். பாகம் தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள். இசட்.எஃப். ஆறு கியர் பெட்டி போல சென்சார் உள்ளேயே மெக்கட்ரானிக்ஸோடு (பெட்டிக்குள் இருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதி) சேர்ந்திருக்கும் வண்டிகளில் கீழே உள்ள சரிசெய்யும் வேலை நடக்காது. ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸையே கம்ப்யூட்டர் மாற்றும் வகை) வண்டிகளின் அமைப்பே வேறு, அதற்கும் இது உதவாது.

சுவிட்ச் செய்வது மூன்று வேலை. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டைச் சேர்த்துவிடும். ரிவர்ஸில் பின்னால் இருக்கும் ரிவர்ஸ் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும். லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் டாஷ்போர்டுக்கும் சொல்லும். ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே தனித்தனித் தொடுமுனைகள். அதனால்தான் ஒன்று மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருப்பது நடக்கிறது. எது கெட்டது, எது கெடவில்லை என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இந்தச் சோதனையில் கார் கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆக வாய்ப்பு உண்டு, தேடுவதே அந்தக் கோளாறைத்தானே. சாவியைத் திருப்புபவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கக் கூடாது. வண்டிக்குக் கீழே ஆள் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பேட்டரியை அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.4 முதல் 12.6 வோல்ட் வரை இருந்தால் தொடரலாம். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ். பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் சோதனை எல்லாம் பொய் சொல்லும்.

பார்க்கில் ஆகாது, நியூட்ரலில் ஆகும் (அல்லது நேர்மாறாக)

ஒன்றில் வேலை செய்கிறது என்றாலே பேட்டரி, ஸ்டார்ட்டர், ரிலே, பிரதான வயரிங் எல்லாம் தப்பித்துவிட்டன. மிச்சம் இருப்பது மூன்று: கேபிள் சரியான இடத்துக்குப் போகவில்லை, சுவிட்ச் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது, அல்லது அந்த ஒரு தொடுமுனை தேய்ந்துவிட்டது.

பிரேக்கை மிதித்துக்கொண்டு, லிவரைப் பார்க்கில் வைத்து, சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தபடியே லிவரை முன்பக்கமாக அழுத்திப் பாருங்கள், பிறகு லேசாகப் பின்பக்கம் இழுத்துப் பாருங்கள். பட்டனை அழுத்த வேண்டாம், லிவரில் இருக்கும் ஆட்டத்துக்குள் மட்டும். ஏதோ ஒரு பக்கம் அழுத்தும்போது ஸ்டார்ட்டர் பிடித்தால் சுவிட்சின் உயிர் போகவில்லை, இடம்தான் தவறியிருக்கிறது.

இடம் தவறியது கேபிளாலா சுவிட்சாலா என்பதைப் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது, கியர்பாக்ஸ் பக்கம் கேபிளின் முனையை, தண்டின் மேல் இருக்கும் ஆர்மிலிருந்து (கேபிள் இழுக்கும் உலோகக் கை) கழற்றுங்கள். இப்போது ஆர்மை நேராக உங்கள் கையாலேயே பார்க் பக்கத்துக் கடைசி வரை தள்ளுங்கள். கடைசிக்கு வந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால் கட்டைகளைச் சற்றுத் தள்ளிவைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துக் காரை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பார்க்கின் பல் விழுந்திருந்தால் கார் சற்று அசைந்து நின்றுவிடும். ஹேண்ட்பிரேக்கைத் திரும்பப் போட்டு, உங்கள் கையை வெளியே எடுத்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் சுவிட்ச் குற்றமற்றது, கேபிள்தான் சரியாக இழுக்கவில்லை. ஆகவில்லையா? சுவிட்சின் இடமோ தொடுமுனையோதான். இந்த ஒரு சோதனை பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கும். ஆனாலும் அதிகம் பேர் இதைச் செய்வதில்லை.

கேபிள்தான் காரணம் என்றால் கேபிளைத்தான் சரிசெய்ய வேண்டும். "சுவிட்சைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்று முடித்துவிடுவது மோசமான வேலை. அந்தக் கேபிள் சுவிட்சை மட்டுமா திருப்புகிறது? உள்ளே எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பிரிக்கும் மேனுவல் வால்வையும் அதுதான் நகர்த்துகிறது. வால்வு அரைகுறையாகத் திறந்து நின்றால் கிளட்ச் தட்டுகளுக்குப் போக வேண்டிய எண்ணெய் அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கிக் கருகும். சுவிட்சைத் திருப்பி அறிகுறியை மறைத்தீர்கள் என்றால் கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் வீணாகிக்கொண்டிருக்கும்.

எந்த இடத்திலும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை

பார்க், நியூட்ரல் இரண்டு தொடுமுனையும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். ஆகவே இங்கே சுவிட்சைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக் மிதித்தால் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சைப் பாருங்கள், இங்கே வர வேண்டாம். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா? அதுவும் வேறு கதை.

இரண்டும் சரி என்றால் ஸ்டார்ட்டர் சோலினாய்டின் (ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்த சுவிட்ச்) சிறிய வயரில் மீட்டரை வையுங்கள், மற்ற முனை எர்த். சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கும்போது அங்கே பேட்டரி வோல்ட்டேஜ் வருகிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் கோளாறு ஸ்டார்ட்டரிலோ தடித்த கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது. இன்ஹிபிட்டருக்கு இதில் பங்கே இல்லை. அங்கே ஒன்றுமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, பிறகுதான் சுவிட்ச்.

வேறொரு நிலையும் உண்டு: அந்த வயரில் ஆறு, ஏழு வோல்ட் மட்டும் வரும். சோலினாய்டு "டிக்" என்று ஒரு சத்தம் போடும், அல்லது அதுவும் இருக்காது. சோலினாய்டுக்குப் போகும் கரண்ட் நேராக இன்ஹிபிட்டர் வழியாகவே செல்லும் பழைய வண்டிகளில் தேய்ந்த தொடுமுனையின் அடையாளம் இது. ஓம் மீட்டரில் அந்தச் சுவிட்ச் நல்லதாகவே தெரியலாம், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். பாரம் ஏறும்போதுதான் தேய்ந்த முனை மண்டியிடும். ஆகவே கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக இரு ஸ்டார்ட் வயர்களிலும் மீட்டர் முனைகளைச் செருகி, சாவியை ஸ்டார்ட்டில் பிடித்து அளந்து பாருங்கள். நல்ல சுவிட்சில் அரை வோல்ட்டுக்குள் இருக்கும். பல வோல்ட் காட்டினால் அது சுவிட்சிலேயே செத்துப்போகும் வோல்ட்டேஜ்.

லிவர் பார்க்கிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்கிறது என்றால் அது இன்ஹிபிட்டர் அல்ல. பிரேக் மிதிக்கும் வரை லிவரைப் பூட்டிவைக்கும் ஷிஃப்ட் லாக் சோலினாய்டு அல்லது மறுபடியும் அதே பிரேக் விளக்கு சுவிட்ச். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

டிரைவில் அல்லது ரிவர்ஸில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகிறது

இந்த வண்டியை ஓட்ட வேண்டாம். அமெரிக்காவில் 1968-இல் நடைமுறைக்கு வந்த கார் பாதுகாப்பு விதிகளிலேயே, முன்செல்லும் கியரிலோ ரிவர்ஸிலோ ஸ்டார்ட்டர் வேலை செய்யக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். காரணம் எளிது: ஸ்டார்ட் ஆன நொடியிலேயே கார் பாயும், முன்னால் நிற்பது சுவராக இருந்தாலும் குழந்தையாக இருந்தாலும்.

இன்ஹிபிட்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, லிவரைப் பார்க்கில் வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். கழற்றிய பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா? அப்படியானால் எங்கோ இரண்டு வயர்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது முன்பு யாரோ இரண்டையும் முறுக்கி டேப் சுற்றி "வேலையை முடித்து"ப் போயிருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கினால் இதைக் கட்டாயம் பாருங்கள். கழற்றியதும் ஸ்டார்ட்டர் நின்றுவிட்டால் சுவிட்ச் இடம் மாறியிருக்கிறது அல்லது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது.

சர்க்யூட் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வயரை ஒரு நிமிடம் ஜம்பர் (நேரடியாக இணைக்கும் தற்காலிக வயர்) போட்டுப் பார்ப்பது வேறு, அப்படியே விட்டுவிடுவது வேறு. முதலாவது சோதனை. இரண்டாவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். சுவிட்ச் கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும் சொல்லும் புதிய வண்டிகளில் வயரிங் படம் கையில் இல்லாமல் ஜம்பர் போடவே வேண்டாம், தவறான வயரில் 12 வோல்ட் ஏறினால் கம்ப்யூட்டரே போகும்.

ரிவர்ஸ் விளக்கு மட்டும் எரியவில்லை

பல்ப், ஃப்யூஸ். இரண்டும் நன்றாக இருந்தால்தான் அடுத்தது. ஸ்டார்ட் எல்லாம் ஒழுங்காக ஆகி, ரிவர்ஸ் மட்டும் இருட்டாக இருந்தால், சுவிட்ச் இடத்தில்தான் இருக்கிறது, அந்த ஒரு தொடுமுனை கருகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் இதற்கு ஒரு சிறப்புக் காரணமும் இருக்கிறது: ரிவர்ஸ் கேமரா, சென்சார், அதற்கு மேல் பாட்டுப் பாடும் ரிவர்ஸ் ஹாரன், எல்லாவற்றையும் ரிவர்ஸ் விளக்கு வயரிலேயே கோத்துவிடுவது. இரண்டு பல்புக்காகச் செய்த சின்னத் தொடுமுனை அது. கூடுதல் சாமான் வேண்டும் என்றால் ஒரு ரிலே போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள்.

நியூட்ரலில் வைக்கும்போதே ரிவர்ஸ் விளக்கு மினுக்கினால் அது தேய்மானம் அல்ல, இடம் தவறியது. கேபிள் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

டாஷ்போர்டில் கியர் எழுத்து மறைகிறது, வண்டி ஒரே கியரில் இழுக்கிறது

லிவர் டிரைவில் இருந்தும் கம்ப்யூட்டருக்கு எந்த இடமும் தெரியவில்லை, அல்லது இரண்டு இடம் ஒரே நேரத்தில் தெரிகிறது. குழம்பிய கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். நான்கு கியர் பெட்டிகள் பலவற்றில் அது மூன்றாவது கியர். சிக்னலில் நின்று கிளம்பினால் சோம்பலாக எழும், கியர் விழும்போது உதைக்கும். ஸ்கேனர் (கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) மாட்டினால் பி0705, பி0706, பி0707, பி0708 ஆகியவற்றில் ஒன்று வரும். கடைசி இரண்டில் முதலாவது சிக்னல் குறைவு, மற்றது சிக்னல் அதிகம். பி0850 வந்தால் அது பார்க்/நியூட்ரல் தகவலைப் பற்றியது.

குறியீடு வந்ததாலேயே சுவிட்ச் கெட்டது என்று ஆகாது, அந்தச் சர்க்யூட்டில் எங்கோ பிரச்சினை என்றுதான் பொருள். ஸ்கேனரில் நேரடித் தகவல் பார்க்கும் வசதி இருந்தால் லிவரை மெதுவாக ஒவ்வொரு இடமாக நகர்த்தி, திரையில் அதே இடம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கட்டத்தில் மட்டும் தகவல் காணாமல் போனால் தொடுமுனை தேய்மானம். எல்லாமே ஒரு இடம் முன்னாலோ பின்னாலோ தள்ளி வந்தால் இடம் தவறியது. லிவரைத் தொடாமல் கனெக்டர் வயரை ஆட்டும்போது மாறினால் வயரிங்.

மழை பெய்தால், வாட்டர் வாஷ் செய்தால் மட்டும்

கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர், பச்சைக் களிம்பு, அல்லது கியர் எண்ணெய் இருக்கும். எண்ணெய் இருந்தால் தண்டின் சீல் கசிகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் புதுச் சுவிட்ச் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். களிம்பைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, கனெக்டரின் ரப்பர் சீலைப் பார்த்து மாட்டுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஊறிப்போகும்.

சுவிட்சையே பிரித்துச் சுத்தம் செய்யலாமா? திருகு போட்ட வகையில் முடியும். செம்புப் பட்டையில் பள்ளம் விழாமல் கிரீஸ் மட்டும் காய்ந்து கறுத்திருந்தால் துடைத்து, புதுக் கிரீஸ் லேசாகத் தடவினால் மறுபடி ஓடும். பட்டை தேய்ந்திருந்தால் வீண் வேலை, புதிது வாங்குங்கள்.

மீட்டரில் சோதிப்பது

கனெக்டரைக் கழற்றி, சுவிட்ச் பக்கப் பின்களில் மீட்டரை பீப் நிலையில் (இரண்டு பின்னும் உள்ளே இணைந்திருந்தால் சத்தம் தரும் நிலை) வையுங்கள். வயரிங் படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: பார்க்கில் பீப் வந்து, ரிவர்ஸில் நின்று, நியூட்ரலில் மறுபடி வரும் ஜோடிதான் ஸ்டார்ட் ஜோடி. ரிவர்ஸில் மட்டும் வருவது விளக்கு ஜோடி. பீப் வந்ததோடு விட்டுவிடாமல் ஓம் நிலைக்கு மாற்றிப் படியுங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாக, அசையாமல் நிற்க வேண்டும். பல ஓம் காட்டினாலோ எண்கள் குதித்தாலோ தொடுமுனை தேய்ந்திருக்கிறது. சில அமெரிக்க வண்டிகளில் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு ரெசிஸ்டன்ஸ் வருவதுபோல் செய்திருப்பார்கள், அவற்றில் பீப் தேடிப் பயனில்லை.

கேபிள் முதலில், சுவிட்ச் பிறகு

காருக்குள் லிவரை நியூட்ரலில் வையுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் நட்டைத் தளர்த்தி, ஆர்மைப் பார்க் பக்கத்துக் கடைசி வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு "கிளிக்" திரும்பக் கொண்டுவாருங்கள். பார்க்குக்கு அடுத்தது ரிவர்ஸ், அதற்கு அடுத்தது நியூட்ரல். கேபிளில் உள்ள தளர்வு போகும் அளவுக்கு மட்டும் லேசாக இழுத்து நட்டை இறுக்குங்கள். கேபிளின் பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தால் எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது, அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

இப்போது சுவிட்ச். பழைய நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்து, பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் சுவிட்ச் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். வண்டியைப் பொறுத்து அடையாளம் மாறும். மிட்சுபிஷி நான்கு கியர் பெட்டியிலும் அந்த வழி வந்த ஹூண்டாய் பெட்டிகளிலும் ஆர்மின் முனையில் ஒரு துளை, சுவிட்சின் விளிம்பில் ஒரு துளை. 5 மி.மீ. ட்ரில் பிட்டின் வழவழப்பான தண்டு இரண்டிலும் தடையின்றி இறங்க வேண்டும். போல்ட் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். சுபாருவிலும் நிஸானின் பழைய பின்சக்கர இயக்கப் பெட்டிகளிலும் 4 மி.மீ. பின், அதை நேராகச் செருக வேண்டும். சுபாரு போல்ட்டுக்கு 3.4 நியூட்டன் மீட்டர்தான், விரல் பலத்துக்குச் சற்று மேல். டொயோட்டாவில் துளை இல்லை, சுவிட்சின் மேல் ஒரு நியூட்ரல் கோடும் நடுவில் ஒரு பள்ளமும் இருக்கும். இரண்டும் நேராக வர வேண்டும், போல்ட் பலவற்றில் 5.4 நியூட்டன் மீட்டர். இந்தச் சின்ன அளவுகளைக் கேலி செய்யாதீர்கள். பெட்டி அலுமினியம், மரை சிதைந்தால் செலவு சுவிட்சைவிட அதிகம்.

அடையாளம் அழிந்திருந்தால் அல்லது கம்பெனி அல்லாத வெளிச்சந்தை சுவிட்சில் அடையாளத்தை நம்ப முடியாவிட்டால் மீட்டரை வைத்தே நடுவைப் பிடிக்கலாம். நியூட்ரலில் ஆர்மை நிறுத்தி, ஸ்டார்ட் ஜோடியில் மீட்டரை மாட்டுங்கள். சுவிட்சை மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள், பீப் தொடங்கும் இடத்தில் கோடு. இன்னும் திருப்புங்கள், பீப் நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் நிறுத்தி இறுக்குங்கள். நடுவில் நிறுத்தினால்தான் கேபிள் நாளை சற்றே நீண்டாலும் சுவிட்ச் தாங்கும். ஓரத்தில் "ஸ்டார்ட் ஆயிடுச்சே" என்று விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பி வருவீர்கள்.

புதுச் சுவிட்ச் மாட்டுபவர்களுக்கு ஒன்று: தண்டின் நட்டைக் கழற்றும்போது ஆர்மை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் விசை முழுவதும் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டின் மேல் போகும்.

முடித்த பின்

பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள், ரிவர்ஸிலும் டிரைவிலும் அதற்குக் கீழே உள்ள இடங்களிலும்கூட. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே சுற்ற வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் லிவரை முன்னும் பின்னும் அழுத்தியபடி மறுபடி ஒருமுறை. ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸில் மட்டும் எரிகிறதா என்று பின்னால் ஒருவர் நின்று சொல்லட்டும், காரின் நேர் பின்னால் அல்ல, பக்கவாட்டில். டாஷ்போர்டு எழுத்து லிவரோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு ஸ்கேனரில் குறியீடுகளை அழித்து, எல்லாக் கியரும் விழும் அளவுக்கு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, குறியீடு திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் சுவிட்சை மறுபடி திருப்ப வேண்டாம், கனெக்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒவ்வொரு வயராக மீட்டர் வைத்துப் போக வேண்டிய வேலை அது.